இழந்த வாசனையை மீட்கும் அப்பியாசம்

காய்ச்சல் தணிந்து, இருமலும் உடல்வலியும் நீங்கி, பழையபடி வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின்னரும், அடுக்களையிலிருந்து வரும் தாளிப்பின் மணமும் பூஜை அறையின் ஊதுவத்தி வாசனையும் குழந்தையின் தலையில் தேய்த்த எண்ணெயின் வாசமும் மட்டும் திரும்பி வராமல் மாதக்கணக்கில் தவிக்கிறவர்களுக்காக எழுதப்படுவது இந்த அத்தியாயம். 2020-ஆம் ஆண்டு முதல் கொரோனா நோயினால் இத்தகையோர் உலகெங்கும் பெருகினர். அதற்கு முன்னும் சாதாரண ஜலதோஷத்தாலும் இன்ஃபுளூயன்ஸாவாலும் இந்த நஷ்டத்தை அடைந்தவர்கள் இருந்தனர். இங்கே சொல்லப்படுவன அவர்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரிவதில்லை. அதனால், 'உயிர் பிழைத்ததே பெரிது, மூக்கைப் பற்றி என்ன கவலை?' என்று சுற்றத்தார் சொல்வதும், நோயாளியும் அதற்கு மேல் பேசாமல் வாய்மூடிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது பெரிய அநியாயம். உண்பதில் ருசியும், தீயையும் கெட்டுப்போன பண்டத்தையும் முன்னதாக அறிந்துகொள்ளும் காவலும், வீட்டையும் மனிதரையும் நெருக்கமாக உணரும் சுகமும் ஒருங்கே போய்விட்டவர் மனம் சோர்வது இயற்கையே. அந்தச் சோர்வை மறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

அப்பியாசத்தைத் தொடங்குமுன், கெட்டது எது, மீளக்கூடியது எது என்று அறிந்துகொள்வது நலம். நாசியின் கூரையில், கிட்டத்தட்டக் கண்களின் மட்டத்தில், சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு மெல்லிய சவ்வில் வாசனையை அறியும் நரம்பணுக்கள் அமைந்திருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடைக் கண் போன்ற துளைகளையுடைய எலும்பின் ஊடே மேலே சென்று, மூளையின் அடியில் உள்ள முகர்வுக் குமிழைச் சேருகின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. இவற்றை ஆக்கும் மரபணுக்களின் பெருங்குடும்பத்தை 1991-இல் கண்டறிந்து வெளியிட்ட லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸல் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா வைரஸ் பற்றிக்கொள்வதற்கு வேண்டிய புரதம் இந்த நரம்பணுக்களைவிட, அவற்றைச் சூழ்ந்து தாங்கிப் போஷிக்கும் துணையணுக்களிலேயே காணப்படுகிறது என்று 2020-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். துணை அழிந்தால் நரம்பணுவும் நலிகிறது; பலருக்குச் சில வாரங்களில் சவ்வு சீர்பட்டு வாசனை திரும்புவதும், சிலருக்கு அது நீண்டகாலம் தாமதிப்பதும் அந்த நலிவு எவ்வளவு ஆழமாகப் போயிற்று என்பதைப் பொறுத்தவை. ஆனால் நம் உடலின் நரம்புகளுள் இந்த நரம்பணுக்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. சவ்வின் அடியில் உள்ள மூல அணுக்களிலிருந்து இவை ஆயுள் முழுவதும் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகத் தோன்றும் அணுக்களுக்கும், அவை அனுப்பும் குறிகளைப் படித்தறியும் மூளைக்கும் நாள்தோறும் தவறாமல் வேலை கொடுப்பதே இந்த அப்பியாசத்தின் நோக்கம்.

வாசனை போன எல்லோருக்கும் காரணம் ஒன்றன்று என்பதால், முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மூக்கில் சதை வளர்ந்திருந்தாலும், சைனஸ் அழற்சி நீடித்திருந்தாலும், காற்றே மேற்கூரைக்கு எட்டாது. அந்த நிலையில் எத்தனை முகர்ந்தும் பயனில்லை, அடைப்புக்குத் தான் சிகிச்சை வேண்டும். தலையில் அடிபட்ட பின் வாசனை போனவர்களும், ஒரு நாசியில் மட்டும் அடைப்பும் ரத்தக்கசிவும் உள்ளவர்களும், ஜலதோஷம் ஏதுமின்றிச் சிறிது சிறிதாக வாசனையை இழந்துவருகிறவர்களும் தாமதிக்கலாகாது. வைரஸ் நோயை அடுத்து வந்த இழப்பு இதுதான் என்று வைத்தியர் நிச்சயித்த பிறகு, அப்பியாசத்தைத் தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. இழப்பு நேர்ந்து ஓராண்டு கடப்பதற்குள் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம் என்று ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று காட்டியிருக்கிறது.

இந்த முறையை வகுத்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல். அவரும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசனை இழந்த 40 பேர் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையுமாக 12 வாரம் முகர்ந்தனர். 16 பேர் அவ்வாறு செய்யாதிருந்தனர். முகர்ந்தவர்களிடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. நான்கும் ஏதோ கைக்கு அகப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளப்பட்டவை அல்ல. வாசனைகளை மலர், பழம், மசாலை, பிசின், கருகல், அழுகல் என்று ஆறு இனமாக 1916-இல் பகுத்த ஹான்ஸ் ஹென்னிங் என்னும் உளவியலாளரின் வகுப்பிலிருந்து, முதல் நான்கு இனங்களுக்கும் ஒவ்வொரு பிரதிநிதியாக அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. ஐரோப்பாவில் கடை தேடி வாங்க வேண்டிய இந்தப் பொருள்கள் நம் நாட்டில் ஏழை வீட்டுக்கும் எட்டுவன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கும் விஷயம். கிராம்பு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. எலுமிச்சை தெருக்கோடியில் கிடைக்கிறது. நீலகிரித் தைலம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் சிறு புட்டியாக விற்கிறது. ரோஜாவுக்கு அத்தர் கடை உண்டு.

ஆயினும் பொருளைத் தேர்வதில் கவனம் வேண்டும். மங்கலான வாசனையைவிடச் செறிவான வாசனையே அப்பியாசத்துக்கு உகந்தது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. ஆதலால் கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் இதற்குப் போதாது. ரோஜா அத்தரையோ ரோஜா எண்ணெயையோ வாங்க வேண்டும். சாராயம் கலந்த சென்ட் வேண்டாம். அதன் காட்டம் ரோஜாவை மறைத்துவிடும். எலுமிச்சைக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால், பழத்தின் மேல்தோலை நகத்தால் அழுந்தக் கீறிப் பாருங்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து விரலில் பிசுபிசுக்கும், அந்தத் தோலையே அப்பொழுதப்பொழுது முகரலாம். கிராம்பை முழுதாக வைத்தால் வாசனை சீக்கிரம் வெளிவராது. உரலில் நாலைந்தை ஒன்றிரண்டாக இடித்துப் போடுவது உத்தமம்.

அகன்ற வாயுள்ள நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகள் போதும். பழுப்பு நிறக் கண்ணாடியானால் எண்ணெய் வெளிச்சத்தில் கெடாமலிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மடித்த பஞ்சையோ தடித்த காகிதத்தையோ வைத்து, எண்ணெயில் சில துளிகளை அதன் மேல் விட்டு, மூடி, பெயரெழுதி ஒட்டிவிடுங்கள். மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிட்டால் ரோஜாப் புட்டியில் கிராம்பு நெடி ஏறிக்கொள்ளும். அதனால் மூடியின் மேலும் ஒரு அடையாளம் இருக்கட்டும். பலர் மறந்துவிடுகிற காரியம் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: புட்டியில் வாசனை இருக்கிறதா, பறந்துபோய்விட்டதா என்பதை வாசனை தெரியாதவர் எப்படி அறிவார்? வாரம் ஒருமுறை வீட்டில் மூக்கு நன்றாக உள்ள ஒருவரிடம் நான்கையும் கொடுத்துப் பரிசோதிக்கச் செய்து, மங்கியதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வெறும் புட்டியை மாதக்கணக்கில் முகர்ந்துவிட்டு அப்பியாசம் பலிக்கவில்லை என்று கைவிட்டால், உழைப்பும் வீண், நம்பிக்கையும் வீண்.

இனி, முகரும் முறை. காலையில் காபி குடிப்பதற்கு முன்பும், இரவு படுக்கைக்குச் செல்லுமுன்பும், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வானொலியும் பேச்சும் இல்லாத ஓரிடத்தில் உட்காருங்கள். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீரால் கழுவிவிட்டு, சற்று இளைப்பாறிய பின் தொடங்கலாம். முதற்புட்டியைத் திறந்து, மூக்குக்கு ஓர் அங்குல தூரத்தில் பிடித்து, ஒட்டியுள்ள பெயரை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு கண்ணை மூடி, சிறுசிறு மூச்சாக மெல்ல உள்ளிழுத்து, 10 முதல் 20 விநாடி வரையில் முகருங்கள். பலங்கொண்டமட்டும் ஒரே மூச்சாக இழுப்பதால் வாசனை அதிகப்படுவதில்லை, தலைதான் கிறுகிறுக்கும். ஒரு புட்டி முடிந்ததும் அரை நிமிஷம் ஓய்வு, பின்பு அடுத்தது. நான்கையும் முடிக்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

அந்த இருபது விநாடியில் மனம் எங்கே இருக்கிறது என்பதே இந்த அப்பியாசத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். புட்டியை மூக்கடியில் வைத்துக்கொண்டு அன்றைய கடன்களையும் வேலைகளையும் எண்ணிக்கொண்டிருந்தால், செய்தது சடங்காகுமேயன்றி அப்பியாசமாகாது. எலுமிச்சைப் புட்டியை எடுத்தவர், கோடைக்கால மத்தியானத்தில் பழத்தை இரண்டாக அரிந்தபோது கண்ணில் தெறித்த சாற்றையும், பானகத்தில் பிழிந்ததையும், ஊறுகாய்க்கு நறுக்கியபோது கையெல்லாம் மணத்ததையும் ஒவ்வொன்றாக வரவழைத்து, அந்த மணம் எப்படி இருந்தது என்று பிரயத்தனப்பட்டுத் தேட வேண்டும். முதல் வாரங்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் தேடுவதை நிறுத்தலாகாது. பிறகு ஒருநாள், ரோஜா என்று சொல்ல முடியாத ஏதோ ஒரு மாறுதல், சாதாரணக் காற்றுக்கும் இந்தப் புட்டியின் காற்றுக்கும் உள்ள ஒரு சிறு வித்தியாசம், ஒரு க்ஷணம் தோன்றி மறையும். அதையே பெரும் செய்தியாகக் கொண்டு அன்றைய குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

யூக்கலிப்டஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை முகர்ந்தவுடன் மூக்கினுள் குளிர்ச்சி பரவுவதை வைத்து, 'இது மட்டும் எனக்குத் தெரிகிறது' என்று பலர் சந்தோஷப்படுவதுண்டு. குளிர்ச்சி, எரிச்சல், காட்டம் ஆகியவற்றை மூளைக்குத் தெரிவிப்பது முகத்தின் தொடு உணர்வுக்குரிய வேறொரு நரம்பு. வாசனை முழுவதும் அற்றுப்போனவருக்கும் அது வேலை செய்யும். கிராம்பின் காரத்தையும் அந்த நரம்பே ஓரளவு உணர்கிறது. ரோஜாவின் மணத்துக்கு முக்கிய காரணமான பொருளில் இந்தக் காட்டம் அநேகமாக இல்லையாதலால், உண்மை நிலையை உள்ளபடி சொல்லும் சாட்சி ரோஜாவே. நான்கில் ரோஜா எப்படி இருக்கிறது என்று பார்த்து உங்கள் முன்னேற்றத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை நான்கு பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண்ணும், தோன்றியதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவது போதும். தினந்தோறும் அளந்தால் மனம் அலைபாயும். 12 வாரம் என்பது தொடக்க எல்லையே. அதற்குள் பலன் தெரியாதவர்கள் ஏமாறிப் போக வேண்டியதில்லை. துருக்கி நாட்டில் ஆய்த்துக் ஆல்துன்தாக் என்னும் மருத்துவரும் அவரைச் சார்ந்தவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 12 வாரத்துக்கு ஒருமுறை வாசனைகளை மாற்றி 9 மாதம் தொடர்ந்தவர்களுக்கு, ஒரே நான்கினைத் தொடர்ந்தவர்களைவிட அதிக நன்மை உண்டாயிற்று. அவர்களுடைய இரண்டாம் வரிசை மென்தால், தைம், கமலா ஆரஞ்சு, மல்லிகை. தைம் இலைக்கு மணம் தரும் தைமால் என்னும் பொருள் நம் ஓமத்திலும் நிறைந்திருப்பதால், தமிழ்நாட்டவர் புதினா, ஓமம், ஆரஞ்சுத் தோல், மல்லிகை என்று கொள்வதில் ஒரு குறையும் வராது. ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி முகர வேண்டும்; மல்லிகையை மாலையில் மலரும் வேளையில் முகர வேண்டும்.

பாதி வழியில் பலரைக் கலங்க வைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒன்றுமே தெரியாதிருந்த மூக்கில், இழப்பு நேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆன பின், திடீரென்று வாசனைகள் திரும்புகின்றன. ஆனால் விகாரப்பட்டுத் திரும்புகின்றன. காபிக்கொட்டை வறுக்கும் மணம் கருகிய ரப்பர் போலவும், வெங்காயம் வதக்குவது சாக்கடை போலவும், முட்டையும் கோழிக் குழம்பும் அழுகல் போலவும் தோன்றி, வயிற்றைக் குமட்டுகிறது. பற்பசையும் சோப்பும்கூடச் சிலருக்குச் சகிக்க முடியாதவை ஆகின்றன. வறுத்த பண்டங்களும் வெங்காயமும் பூண்டும் முக்கியமான குற்றவாளிகளாவதற்குக் காரணம், மிகச் சொற்ப அளவிலேயே மூக்கைத் தாக்கவல்ல, பெரும்பாலும் கந்தகம் அல்லது நைட்ரஜன் கலந்த சில பொருள்கள் அவற்றில் இருப்பதே என்று இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் முதலியோர் காபியை ஆராய்ந்து காட்டியுள்ளனர். முழுமையாக வேலை செய்யாத நரம்புகள் ஒரு மணத்தின் சில கூறுகளை மட்டும் மூளைக்கு அனுப்புகின்றன; மற்றக் கூறுகளின் துணையின்றி வந்த அச்செய்தி அருவருப்பாகத் தோன்றுகிறது. இதைக் கண்டு நோய் முற்றுகிறது என்று அஞ்ச வேண்டாம். வைரஸ் நோய்க்குப் பின் வரும் இந்த விகாரம் பெரும்பாலும் நரம்புகள் துளிர்க்கும்போது தோன்றுவது, காலக்கிரமத்தில் தணிந்துவருவது. அப்பியாசத்தை இந்தக் கட்டத்தில் நிறுத்தாதீர்கள். நான்கில் ஒன்று சகிக்க முடியாததாக இருந்தால் அதை மட்டும் விலக்கி, அதே இனத்தில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

இந்நாட்களில் உணவு ஒரு சோதனையாகிவிடும். சூடான பதார்த்தத்திலிருந்து ஆவி எழும். ஆவியில் வாசனை எழும். ஆதலால் ஆறிய உணவு எளிதில் இறங்கும். தாளிக்காத தயிர்சாதம், இட்லி, ஆறிய கஞ்சி, வெள்ளரிக்காய், பழங்கள் ஆகியவற்றைப் பலர் தாங்குகின்றனர். வாசனை அடியோடு இல்லாதவர்களுக்கோ நாவின் ருசிகள் துணை: புளிப்பும் உப்பும் இனிப்பும் கசப்பும் நாவுக்கே உரியவை, மிளகின் காரமும் அப்பளத்தின் மொறுமொறுப்பும் வாசனையைச் சாராதவை. ஆனால் ருசி தேடி உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தக்காரரும் நீரிழிவுக்காரரும் வேறொரு தொல்லையில் சிக்குவர். எடை குறைந்துகொண்டே போனால் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'நன்றாகத்தானே மணக்கிறது, பாசாங்கு செய்யாதே' என்று சாப்பாட்டு இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாதீர்கள், வெங்காயம் வதக்கும் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்து அவரை வாசல் திண்ணைக்கு அனுப்புவது எவ்வளவோ உபகாரம்.

செய்யலாகாதவை சில. புட்டியிலுள்ள எந்த எண்ணெயையும் மூக்கினுள் விடலாகாது, விழுங்கலாகாது, தோலில் தடவலாகாது. நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். ஆகவே புட்டிகள் உயரமான அலமாரியில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் செறிவான வாசனைகளைத் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். துத்தநாகம் கலந்த மருந்தை மூக்கினுள் இடுவதே வாசனையைப் போக்கிவிடக்கூடியது. விரைவில் குணம் வேண்டுமென்று ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குகிறவர்களைப் பற்றி எனக்கு மிகவும் கவலை உண்டு. கொரோனாவுக்குப் பின்வரும் வாசனை இழப்புக்கு அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளலாகாது என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி 2021-இல் எச்சரித்திருக்கின்றனர். புகைபிடிப்பவர்கள் அதை நிறுத்துவது எந்த மருந்துக்கும் முந்தியது.

வாசனை திரும்பும் வரையில் வீட்டுக்கு வேண்டிய காவல்களைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்கலாகாது. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அந்தக் காவல் உங்களுக்கு இப்போது இல்லை. ஆதலால் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதை விரதமாகக் கொள்ளுங்கள். ரப்பர் குழாயைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். தனியே வசிப்பவரானால் கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் கருவியையும் புகை அறிவிப்புக் கருவியையும் வாங்கிப் பொருத்துங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள். மிஞ்சிய உணவை வைக்கும் பாத்திரத்தில் தேதியை எழுதி ஒட்டி, நாள் கடந்ததை ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பினாயிலும் மண்ணெண்ணெயும் தண்ணீர் புட்டிகளில் ஒருபோதும் இருக்கலாகாது. எரிவாயு கசிகிறது என்று யாராவது சொன்னாலோ கருவி ஒலித்தாலோ, மின்விளக்கின் ஸ்விட்சைத் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இந்தியாவில் எரிவாயு ஆபத்துக்கென்றே உள்ள அந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதை இன்றே பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரிலும் வாசற்கதவின் உட்புறத்திலும் ஒட்டிவையுங்கள்.